நாற்காலி போட்டது நாங்கள்தான்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, மூட்டு மருத்துவத் துறையின் மூத்த மருத்துவர்களே, சக ஆய்வாளர்களே, முன்வரிசையில் துயரமே உருவாக அமர்ந்திருக்கும் பேராசிரியர் அம்மையாரின் கணவர், எங்கள் அண்ணன் அவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

நம் எலும்பு ஆய்வகத்தின் தலைவர், பேராசிரியர் அம்மையார் மறைந்துவிட்டார். அவர் இல்லாத இந்த மேடையில் எந்த முகத்தோடு பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. புகழ்ந்து பேசத்தான் என்னை அழைத்தீர்கள். புகழத்தான் வந்தேன். ஆனால் குற்றம் செய்தவனுக்குப் புகழுரை வாயில் வருமா?

முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் பம்பரம். ஆமாம், இயக்குநர் ஐயா, உங்களுக்கு வைத்த பெயரும் ஒன்று உண்டு, அது இன்றைக்கு வேண்டாம். மாடிப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுவார். கோட்டு மாட்டுவதற்குள் கேட்பார்: "புள்ளைங்கள வாக்கிங் கூட்டிட்டுப் போயாச்சா?"

பிள்ளைகள் என்றால் யார்? தட்டுகளில் நாங்கள் உயிரோடு வளர்க்கும் எலும்புத் துண்டுகள், குருத்தெலும்புத் துண்டுகள்! வாக்கிங் என்றால், அவற்றை மெல்ல அமுக்கி அமுக்கி விடும் பொறி. பாதித் தட்டுகள் பொறிக்குப் போகும். மீதி அலமாரியிலேயே அசையாமல் இருக்கும். அவற்றுக்கு 'சும்மா தட்டு' என்று பெயர்.

எலும்பு என்றால் கல் என்று நினைக்கிறோம். அதற்குள் உயிரணுக்கள் புதைந்து கிடக்கின்றன, நாம் வைக்கும் ஒவ்வோர் அடியையும் உணர்கின்றன. நடந்தால், "இங்கே வேலை இருக்கிறது, கட்டுங்கள்" என்று பக்கத்து அணுக்களுக்குச் செய்தி அனுப்புகின்றன. உட்கார்ந்தே இருந்தால்? கட்டுவதை நிறுத்தச் சொல்லும் புரதத்தைச் சுரக்கின்றன, கரைக்கும் அணுக்களை வரவழைக்கின்றன. குருத்தெலும்பின் கதை இன்னும் பாவம். அதற்கு இரத்தக் குழாயே கிடையாது. அமுங்கி விரிந்தால்தான் அதற்குச் சாப்பாடு. இந்தச் செய்திப் போக்குவரத்தைப் படிப்பதற்கே அம்மையார் தம் வாழ்நாளைக் கொடுத்தார். படுக்கையில் முடங்கிய நோயாளிகளை மருத்துவர்கள் சீக்கிரம் எழுப்பி நடக்கவைக்கிறார்கள் என்றால், அதற்காக ஒவ்வொரு வார்டிலும் போய் மல்லுக்கட்டியவர் அவர்.

அப்படிப்பட்டவருக்கு நாங்கள் என்ன செய்தோம்?

போன வருடம் அவர் படியில் ஒருமுறை வழுக்கினார். சிராய்ப்புகூட இல்லை. பதறிப்போனது நாங்கள்தான். அவர் மேசையைக் கீழ்த்தளத்துக்கு இறக்கினோம். மெத்தை வைத்த சக்கர நாற்காலி ஒன்றை வாங்கிப் போட்டோம். தேநீர் கைக்கு வந்தது, தட்டுகள் கைக்கு வந்தன, பேனா கீழே விழுந்தால் எடுக்க மூன்று பேர் ஓடினோம். உள்ளங்கையில் வைத்துத் தாங்கினோம்! உலகத்துக்கெல்லாம் "நடங்கள், நடங்கள்" என்று கட்டுரை எழுதிய ஆய்வகம், தன் தலைவரை அன்பாலேயே உட்கார வைத்தது.

அவர் சொல்லாமல் இருந்தாரா? சொன்னார். "ஏம்பா, என்னையும் சும்மா தட்டுல வச்சிட்டீங்களா?" என்றார். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? நல்ல ஜோக் என்று கைதட்டிச் சிரித்தோம்.

அதோடு விட்டேனா? அண்ணனுக்குப் போன் செய்து, "அண்ணா, வீட்லயும் அவங்கள ஒரு வேலையும் செய்ய விடாதீங்க" என்று உத்தரவு போட்டவன் நான். எலும்பு ஆராய்ச்சிக்காரன் சொல்கிறானே என்று அவரும் நம்பினார். ஒரு குடம் தண்ணீர் தூக்க விடவில்லை, தெருமுனை வரை நடக்க விடவில்லை.

சென்ற மாதம் தூறல் போட்டதும் கொடியில் கிடந்த துணியை எடுக்க எழுந்தார். பால்கனியில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. படுத்தவர் எழவில்லை. வயது என்றார்கள் மருத்துவர்கள். வயதும்தான். வயது மட்டுந்தானா?

நேற்று அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான் அன்னைக்கு அவள எந்திரிக்க விட்டதுதான் தப்பு தம்பி. கொஞ்சம் கண்ணசந்துட்டேன்" என்றார். வீட்டுக்குப் போயும் என்னால் தூங்க முடியவில்லை. அதனால் இந்தச் சபை அறியச் சொல்கிறேன். அண்ணா, அவங்க எழுந்தது தப்பே இல்லை! அவரை எழவிடாமல் வைத்திருந்தோமே, அதுதான் தப்பு. அது உங்கள் தப்பல்ல, எங்களுடையது. சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தப் பாரத்தை நீங்கள் சுமக்காதீர்கள், என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

அம்மையாரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுக்கத்தான் எல்லோரும் கூடியிருக்கிறோம். எடுப்போம். ஆனால் இன்று காலையிலிருந்து நாம் செய்ததைப் பாருங்கள். அண்ணனை வாசலிலேயே தாங்கிப் பிடித்தோம். கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டோம். மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார வைத்து, "நீங்க அசையவே வேண்டாம்" என்றோம். அவர் உட்கார்ந்திருப்பது எந்த நாற்காலி? அம்மையாருக்கு நாங்கள் வாங்கிப்போட்ட அதே நாற்காலி.

அதனால் என் உறுதிமொழியை அண்ணனிடமிருந்தே தொடங்குகிறேன்.

அண்ணா, எந்திரிங்க. மாடியில உங்க வீட்டம்மாவோட புள்ளைங்க இன்னும் வாக்கிங் போகல. பொறிய இன்னைக்கு நீங்கதான் போடணும். லிஃப்ட் வேண்டாம். கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு மெதுவா ஏறுங்க. பின்னாடியே நாங்க வர்றோம், தூக்க மாட்டோம்.