ஏழாம் நம்பர் குழாய்

— கதவைச் சாத்திட்டு வா. இந்த ஏழாம் நம்பர் குழாய், யார்கிட்ட எடுத்த ரத்தம்?

— லேபிள்லதான் இருக்கே அண்ணி. எங்க அண்ணன்கிட்ட எடுத்தது. உங்க வீட்டுக்காரரை உங்களுக்கே நான் அறிமுகப்படுத்தணுமா?

— சிரிக்காதே. இது உங்க அண்ணன் ரத்தம் இல்லை.

— ரத்தத்தை வச்சே புருஷனை அடையாளம் கண்டுபிடிப்பீங்களா? நான் கீழே ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவ. மேலே உங்க மெஷின் என்ன சொல்லுதுன்னு எனக்கு என்ன தெரியும்?

— தெரிஞ்சுக்கோ. ஒவ்வொரு செல்லுலயும் எல்லா ஜீனும் இருக்கு. ஆனா செல் எல்லாத்தையும் நகல் எடுத்துட்டு உக்காந்திருக்காது. வேணுங்கிறதை மட்டும் எடுக்கும், மத்ததை மூடி வச்சிடும். நாங்க இங்க எண்ணுறது அந்த நகலைத்தான்.

— சரி, அதுக்கு?

— பொம்பளைக்கு எக்ஸ் குரோமோசோம் ரெண்டு. அதுல ஒண்ணை மூடி வைக்கிறதுக்குன்னே ஒரு ஜீன் இருக்கு. ஆம்பளைக்கு இருக்கிறதே ஒண்ணுதான், மூட வேண்டிய வேலை இல்லை. அதனால அவங்க ரத்தத்துல அந்த ஜீன் வாயே திறக்காது. ஏழாம் நம்பர்ல நகலா எடுத்துத் தள்ளியிருக்கு.

— லேபிள் மாறியிருக்கும் அண்ணி. அன்னைக்கு அவ்வளவு கூட்டம்.

— மத்த பதினேழும் சரியா இருக்கு. உங்க அண்ணன் குழாய் மட்டும் தேடிப் பிடிச்சு மாறுமா?

— என்னை ஏன் திருடியை விசாரிக்கிற மாதிரி விசாரிக்கறீங்க?

— அன்னைக்குச் சாயங்காலம் முழங்கையில பஞ்சை ஒட்டிக்கிட்டு, சட்டையை மடிச்சு விட்டு, வீடு பூரா காட்டிட்டு நடந்தார். இப்ப யோசிச்சாத்தான் உறைக்குது, பஞ்சு விழுந்த இடத்துல ஊசி குத்தின அடையாளமே இல்லை. அண்ணனும் தங்கச்சியும் கூட்டுச் சேர்ந்து என்கிட்ட என்ன மறைக்கிறீங்க? அவருக்கு ஏதாவது வியாதியா?

— ஐயோ, அதெல்லாம் இல்லை. சொன்னா அவர் மானம் போயிடும்.

— போனாப் போகட்டும், சொல்லு.

— ஊசின்னா பயம். உங்ககிட்ட வீராப்பா ஒத்துக்கிட்டு வந்துட்டார். நாற்காலியில உக்காந்ததும் வேர்த்துக் கொட்டி, கண்ணு சொருகிடுச்சு. அண்ணிகிட்ட சொல்லிடாதேன்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சினார். பாவமா இருந்துச்சு. பஞ்சை ஒட்டி அனுப்பிட்டேன். உங்க ஆராய்ச்சிக்கு வேண்டியது நல்லா இருக்கிறவங்க ரத்தம்தானே, யாரோடதா இருந்தா என்னன்னு…

— யாரோடது?

— என்னை வேலையை விட்டு எடுத்துடுவாங்களா?

— யாரோட ரத்தம்னு கேட்டேன்.

— நானே தப்பை ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்துடறேன் அண்ணி. நீங்க மாட்டிக்க வேணாம்.

— நீ எதுவும் எழுத வேணாம், நான் சொல்றதைக் கேளு. இந்தக் குழாய்ல மூடி இருக்க வேண்டிய இன்னொரு ஜீன் திறந்து கிடக்கு. அது இப்படி விடாம நகல் எடுத்தா, ரத்தப் புற்றுநோயான்னு உடனே பார்க்கணும். மூணு தடவை மெஷின்ல ஓட்டிப் பார்த்துட்டேன், மூணு தடவையும் அதேதான். ரெண்டு நாளா உங்க அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாம, குளிக்கிற ரூம்ல தண்ணியைத் திறந்துவிட்டு அழுதேன். இன்னைக்குக் காலையிலதான் இது பொம்பளை ரத்தம்னு தெரிஞ்சுது. அவருக்குப் போன் போட்டு, காரணமே சொல்லாம சிரிச்சேன்.

— அண்ணி…

— என்ன அண்ணி? அன்னைக்கு அந்த ரூம்ல வேற யார் இருந்தா?

— யாரும் இல்லை. கதவைச் சாத்திட்டு, என் இடது கையிலதான் எடுத்தேன்.