தேதி பாத்துக் குடு

தங்கம்: பாண்டி பஜாரே வெயில்ல வெந்துக்கினு கீது, நீங்க இன்னாடான்னா அந்த ட்யூப்பையே திருப்பித் திருப்பிப் படிக்கிறீங்க. இன்னா மாமி, பரீட்சையா?

நீரஜா: பொடி எழுத்தா இருக்கும்மா. கண்ணாடியை ஆத்துலயே வெச்சுட்டேன்... இது முகத்துக்குத்தானே? வெயிலுக்கு?

தங்கம்: மூஞ்சிக்கேதான். யாருக்கு, உங்களுக்கா?

நீரஜா: எனக்கு எதுக்கும்மா இந்த வயசுல... பொண்ணுக்கு. ஸஹானா. இருபத்திரண்டு முடியறது.

தங்கம்: ஆங்! அப்ப பொண்ணு பாக்க வராங்க. சொல்லவே வோணாம், உங்க மூஞ்சிலயே எழுதிக் கீது.

நீரஜா: ... அப்படியே வெச்சுக்கோயேன்.

தங்கம்: தோலு எப்டி? எண்ணெ மூஞ்சின்னா ஜெல்லு. காஞ்ச மூஞ்சின்னா கிரீமு. ரெண்டுங்கெட்டான்னா லோசன். மாத்திக் குடுத்துட்டா நாளைக்கு எங்கிட்டதான் சண்டைக்கு வருவீங்க.

நீரஜா: முன்னாடி எண்ணெய் வழியும். பள்ளிக்கூடம் விட்டு வந்தா, 'இவ நெத்தியில அப்பளம் பொரிக்கலாம்'பார் அவ அப்பா... இப்போ காய்ஞ்சு, செதில் செதிலா...

தங்கம்: பரு?

நீரஜா: பரு இல்லை. சிவந்திருக்கும். ரெண்டு கன்னமும், நடுவுல மூக்கு மேலயும் சேர்ந்தாப்பல.

தங்கம்: அய்ய! அதுக்குத்தானே இங்க பொண்ணுங்க ரூஜு வாங்கிக்கினு போவுதுங்க! சும்மாவே செவந்த கன்னமா? குடுத்து வெச்ச பொண்ணு மாமி.

நீரஜா: குடுத்து வெச்சவளா... அது வியாதிடி, தங்கம்.

தங்கம்: ... எம் பேரு எப்டி...

நீரஜா: கோட்டுல குத்திண்டிருக்கியே.

தங்கம்: தப்பா நெனச்சுக்காதீங்க. எனுக்கு வாய் சும்மாவே இருக்காது.

நீரஜா: உனக்கென்ன தெரியும், பாவம். ரத்தத்துலயே இருக்கற வியாதி. கிட்னி வரைக்கும் போயிடுத்து. வெயில் பட்டா ஏறிடும். ஆறு வருஷமா ஆஸ்பத்திரியைத் தவிரப் பகல்ல வெளியில விட்டதில்லை நான். அதுக்கும் குடை, முழுக்கை, அவா குடுத்த களிம்பு. சுண்ணாம்பு அடிச்சாப்பல இருக்கும். 'நான் என்ன சுவராம்மா'ன்னு அழுவா. அதட்டிப் பிடிச்சு உக்கார வெச்சுத் தடவுவேன். ராட்சசி நான்.

தங்கம்: பெத்தவங்க வேற இன்னா பண்ணுவாங்க...

நீரஜா: நாளைக்குக் காத்தால பெசன்ட் நகர் பீச்சுக்குப் போகணுங்கறா. அதான், வெள்ளையாத் தெரியாம, அவ தோலுக்கு ஒத்துக்கறதா ஒண்ணு...

தங்கம்: நாளைக்கேவா? வோணாம் மாமி. மொதல்ல காதுக்குப் பின்னால தொட்டு வெச்சு ஒரு நாள் பாக்கணும். அடுத்த ஞாயித்துக்கெழம போங்களேன்.

நீரஜா: அடுத்த ஞாயிறெல்லாம்... வேண்டாம். நாளைக்கே.

தங்கம்: அப்ப அஞ்சு மணிக்கே போயி, வெயில் ஏறாங்காட்டி வந்துருங்க. கிரீமே வோணாம்.

நீரஜா: அவளுக்கு வெயில்தாண்டி வேணும். மணல்ல உக்காந்து முகத்தைக் காட்டிக்கணுமாம். வேற ஒண்ணும் கேக்கலை.

தங்கம்: ... இந்தாங்க. வாசனை கெடையாது, வெள்ளையாத் தெரியாது, காஞ்ச தோலுக்கு. ஒரு நாளைக்குத்தானே? சின்ன ட்யூப்பே போதும்.

நீரஜா: பெரிசு குடு... இதென்ன, பதினஞ்சுன்னு போட்டிருக்கு? பதினஞ்சு நாள்தானா?

தங்கம்: அய்ய, நாள் இல்ல மாமி! வெயில் தாங்குற நம்பரு அது. பெரிசு ஆறு மாசம் வரும்.

நீரஜா: அதான் வேணும். தேதி பாத்துக் குடு. அவ ட்யூப்பைத் திருப்பித் தேதி பாப்பா. ரொம்பத் தள்ளி இருக்கணும்.

தங்கம்: இத்தப் பாருங்க. தொண்ணூத்தொம்போது கடேசி வரிக்கும் கீது. இன்னும் மூணு வருசம்! போதுமா?

நீரஜா: போதும்டிம்மா... போதும்.

தங்கம்: டாக்டருக்கு மட்டும் ஒரு போன் போட்டுருங்க. வெயில்ல இட்டுக்கினு போனீங்கன்னு அப்பால கத்தப் போறாரு.

நீரஜா: அவரே சொல்லிட்டார். நேத்திக்கு ஆத்துக்கு அழைச்சுண்டு போகச் சொல்லிட்டார். இனிமே பத்தியம் ஒண்ணும் வேண்டாம், வெயில்ல போகட்டும், உப்பு போடுங்கோ, ஊறுகாய் போடுங்கோ, ஆசைப்பட்டதைக் குடுங்கோன்னு...

தங்கம்: அட! அப்ப சரியாப் போச்சா? இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா மாமி! நானு வேற பயந்துக்கினு...

நீரஜா: சரியாப் போகலைடி...

தங்கம்: மாமி... ஐயோ... அழுவாதீங்க. இப்டி ஸ்டூல்ல குந்துங்க. நான் ஒரு மடச்சி...

நீரஜா: ஆத்துல அழ முடியலைடி. அவ முழிச்சுண்டே இருக்கா.

தங்கம்: டாக்டரே எல்லாத்தையும் உட்டுருங்கன்னுட்டாரு... அப்புறம் இந்தக் கிரீமு இன்னாத்துக்கு மாமி?

நீரஜா: ஆறு வருஷத்துல தடவாம ஒரு நாளும் வெளியில விட்டதில்லையே நான். நாளைக்குத் தடவலைன்னா... அவளுக்குத் தெரிஞ்சுடும்.