மதிவதனி மாரடைப்பால் இறக்கவில்லை

இந்தப் படத்திறப்புக்குத் தலைமை ஏற்றிருக்கும், மறைந்த அம்மையாரோடு ஒரே ஆய்வகத்தில் தோளோடு தோள் நின்ற பேராசிரியர் சண்முகசுந்தரம் அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! சேரப்பணஞ்சேரித் தாய்மார்களே! ஷிஃப்டை மாற்றிக்கொண்டு ஒரகடத்திலிருந்து வந்திருக்கும் என் தொழிற்சங்கத் தோழர்களே! வணக்கம்.

உங்கள் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்லவே இன்று எனக்குக் கூச்சமாக இருக்கிறது. என்னை உங்களுக்குத் தெரியும். பகலவன், கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் சங்கச் செயலாளர். நிர்வாகம் ஒரு பொய் சொன்னால் அன்று மாலையே வாயிற்கூட்டம் போட்டுத் தோலுரிக்கிறவன். அந்தப் பகலவன் இன்று குனிந்த தலையோடு மைக்கைப் பிடித்திருக்கிறான். ஏன் என்று சொல்கிறேன். முதலில் மதிவதனியைப் பற்றிச் சொல்லவிடுங்கள்.

யார் இந்த மதிவதனி? நம் ஊர் கன்னியப்பனுக்கும் செல்லம்மாளுக்கும் மூத்த மகள். படப்பை அரசுப் பள்ளியில் படித்து, பேருந்துக் கூட்டத்தில் நசுங்கி நசுங்கித் தாம்பரம் கல்லூரிக்குப் போய், கடல் கடந்து ஆராய்ச்சி செய்து, அங்கே கிடைத்த வேலையை உதறிவிட்டுச் சென்னைக்குத் திரும்பி வந்த மூலக்கூறு உயிரியலாளர்! ஏன் திரும்பி வந்தார்? அவர் தாய் செல்லம்மாள் வயிறு வீங்கி இறந்தார். ஊர் என்ன சொன்னது? "நீர் கோத்துக்கிச்சு" என்றது. "எவளோ செய்வினை வெச்சுட்டா" என்றது. சினைப்பையில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதை மட்டும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தச் சொல்லைத் தேடித்தான் அந்தப் பெண் அத்தனை தூரம் படித்தார், அதை நமக்குச் சொல்லத்தான் திரும்பி வந்தார்.

நம் சங்க அலுவலகத்தில் அவர் பேசிய முதல் கூட்டம் நினைவிருக்கிறதா தோழர்களே? படமில்லை, பெரிய பெரிய வார்த்தையில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"இன்னாப்பா, உங்க லைன்ல டிஃபெக்ட் பீஸ் வந்தா இன்னா பண்ணுவீங்க?"

"ரீவொர்க்குக்கு அனுப்பி சரி பண்ணுவோம் மேடம்."

"ரீவொர்க்ல ஆளே இல்லன்னா?"

"அப்படியே டிஸ்பேட்ச் ஆயிடும்."

"அவ்ளோதான். புற்றுநோய் அங்கதான் ஆரம்பிக்குது."

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. என்ற எழுத்துச் சங்கிலி இருக்கிறது, அது தினமும் அறுபடுகிறது, தினமும் பழுது பார்க்கப்படுகிறது என்று விளக்கினார். அந்தப் பழுது பார்க்கும் மரபணுவே சில குடும்பங்களில் குறையோடு பிறக்கிறது. அப்படிப்பட்ட குடும்பங்களை முன்கூட்டியே கண்டுபிடித்தால் எத்தனையோ பெண்களைக் காப்பாற்றலாம் என்றார். அதுதான் அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி. பழுது பார்க்கும் ஒரு வழி கெட்டுப்போன புற்றுச் செல்லின் இன்னொரு வழியையும் மருந்தால் அடைத்துவிட்டால் அது தானே மடியும். அந்த மருந்துக்கும் சில கட்டிகள் எப்படித் தப்பிக்கின்றன என்பதைத்தான் அவரும் பேராசிரியரும் ஆய்வகத்தில் தோண்டித் துருவினார்கள்.

சனிக்கிழமையானால் இங்கே வந்துவிடுவார். நானும் கூடவே போவேன். ரத்த மாதிரி வாங்கி ஐஸ்பெட்டியில் வைத்து ஷேர் ஆட்டோவில் ஏறுவோம். ஒருமுறை ஆட்டோக்காரர் கேட்டார், "பொட்டில இன்னா கீது, மீனா?" இவருக்குத்தான் பொய் வராதே! "இல்லப்பா, உங்க ஊரு ரத்தம்" என்றார். நடுவழியில் இறக்கிவிட்டுவிட்டார். மதிவதனியோ படப்பை வரைக்கும் சிரித்துக்கொண்டே நடந்தார்.

ஆனால் வீடு வீடாகப் போனபோது அவர் சிரிக்கவில்லை. "உங்க குடும்பத்துல யாராவது புற்றுநோய்ல போயிருக்காங்களா?" என்று கேட்பார். நாம் என்ன சொன்னோம்? காய்ச்சல் என்றோம். வயிற்றுவலி என்றோம். கண்ணேறு என்றோம். ஏன்? பெண்ணைக் கட்டிக் கொடுக்க வேண்டுமே! சீக்கு இருக்கும் வீடு என்று தெரிந்தால் எவன் வருவான்? என் வீட்டிலும் அதே பதில்தான், நான் பக்கத்தில் நிற்கும்போதே.

அவருடைய சொந்தத் தம்பி, நம் வேன் காண்டிராக்டர் முனிரத்தினம் என்ன சொன்னார்? "அது பொம்பளைங்க வியாதிக்கா. பொம்பளைங்க வழியாத்தான் வரும். என்னை ஏன் குத்துற?"

"டேய், அம்மா எனக்கு மட்டுமா அம்மா? நீயும் அந்த வயித்துலதானடா பொறந்த? அந்தக் குறை உனக்கு வந்திருந்தா உன் பொண்ணுக்கும் போகலாம்டா."

முனிரத்தினம் எழுந்து வெளியே போய்விட்டார். அக்கா அதற்குப் பிறகும் விடவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்டார்.

சென்ற ஆண்டு அந்த நோய் அவருக்கே வந்தது. தாய்க்கு வந்த அதே சினைப்பையில். எந்த மருந்தை ஆராய்ந்தாரோ அதையே சாப்பிட்டார். முதலில் நோய் அதற்குக் கேட்டது. பிறகு கேட்கவில்லை. மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். முடியில்லாத தலையோடு, "என் கட்டி நம்ம ஆராய்ச்சிப் பேப்பரையெல்லாம் படிச்சிட்டு வந்துருச்சு பகலவா" என்றார். அந்த நிலையிலும் கேலி! பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊருக்கெல்லாம் சொன்னேன். என் டெஸ்ட்டை நானே தள்ளிப் போட்டுட்டேன். இன்னும் ஒரு வேலை, இன்னும் ஒரு வேலைன்னு. இதையும் சேத்து நாலு பேருக்குச் சொல்லு. சுகப்பிரியாவை விட்டுடாத."

சுகப்பிரியா யார்? முனிரத்தினத்தின் மகள். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். பிள்ளைப்பாக்கத்தில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது என் பின்னால் இருக்கும் பதாகையைப் பாருங்கள். பெரியோர்களே, கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள், எல்லோரும் பார்க்கட்டும். என்ன எழுதியிருக்கிறது? "திடீர் மாரடைப்பால் இயற்கை எய்திய." யார் எழுதியது? நான்! முனிரத்தினம் கெஞ்சினார், "சம்பந்தம் முடியற நேரம்டா, கொஞ்சம் பார்த்துப் போடு" என்றார். பெரியவர்கள் தலையாட்டினார்கள். படப்பை ஃப்ளெக்ஸ் கடையில் பையன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "இன்னா சார், டாக்டரம்மாவுக்கு ஹார்ட்டா?" என்றான். "நீ பிரிண்ட் அடிப்பா" என்றேன். அவனுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதா? இந்தக் கூடத்தில் தெரியாதவர் யார்? பிள்ளைப்பாக்கத்துக்கு மட்டும் தெரியக்கூடாது என்று ஒரு ஊரே சேர்ந்து பொய் சொல்லியிருக்கிறோம். பொய்யே வராத பெண்ணின் படத்துக்குக் கீழே! வெட்கம்! இதைவிட ஒரு வெட்கம் என் வாழ்நாளில் எனக்கில்லை.

உறவு இல்லாவிட்டாலும் என்னைச் சித்தப்பா என்றே கூப்பிடும் சுகப்பிரியா, இன்று காலையில் வந்து இந்தப் பதாகை முன்னால் நின்றாள்.

"சித்தப்பா, அத்தை ஆயுசு முழுக்க எதைச் சொல்லச் சொன்னாங்களோ, அதையே அவங்க படத்துக்குக் கீழ மறைச்சிட்டீங்களே."

"உனக்காகத்தாம்மா."

"எனக்காகன்னா என்னைக் கேட்டிருக்கணும் இல்ல? மாப்ள வூட்டுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிட்டேன். யோசிச்சு சொல்றோம்னாங்க. யோசிக்கட்டும். பேராசிரியரைப் பார்த்து ரத்தமும் குடுத்துட்டு வந்துட்டேன். மேடையில நீங்க சொல்றீங்களா, நான் ஏறிச் சொல்லட்டுமா?"

முனிரத்தினம், என்மேல் கோபம் வேண்டாம். உன் மகள் சொல்லித்தான் பேசுகிறேன். அவள் சோதனை முடிவு என்னவாகும் என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. குறை இல்லை என்று வரலாம். இருக்கிறது என்றே வந்தாலும், செல்லம்மாளுக்குக் கிடைக்காத காலம் அவளுக்குக் கிடைக்கும். மதிவதனி தள்ளிப் போட்டதை அவள் தள்ளிப் போடவில்லை.

அன்பர்களே! நிழல் தரும் மரத்தின் வேரிலேயே வெந்நீர் ஊற்றிவிட்டு அதற்கு மாலை போட வந்திருக்கிறோம். இதற்கு என்ன பரிகாரம்? சிலை வைப்பதா? தெருவுக்குப் பெயர் வைப்பதா? அவர் நடந்த சனிக்கிழமைகள் இனி நம் சனிக்கிழமைகள்! வீடு வீடாகச் சங்கம் போகும். என் தோழர்கள் தங்கள் வீட்டுப் பெண்களை அழைத்து வருவார்கள். அதற்கு முன்னால் தாங்களும் கை நீட்டுவார்கள், அப்பன் வழியாகவும் வருமே! இது உறுதி. இந்தப் பதாகை இன்றே இறங்கும், சரியான சொல்லோடு நாளை ஏறும். என் கைக்காசில்.

வழக்கமாக இந்த இடத்தில் எழுந்து மௌன அஞ்சலி செலுத்தச் சொல்வோம். மௌனமா? செல்லம்மாளை மௌனமாகத்தானே அனுப்பினோம்? இன்னும் எத்தனை பெண்களை? மதிவதனிக்கு நாம் வேண்டிய மட்டும் மௌனம் செலுத்திவிட்டோம். இன்று வேண்டாம். எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் யார் போனார்கள், எதனால் போனார்கள், சத்தமாகச் சொல்லுங்கள்.

நான் தொடங்குகிறேன். என் அக்கா அலமு. மார்பகப் புற்றுநோய்.

அடுத்து யார்? சொல்லுங்கள். யாருமே இல்லையா?

அங்கே எழுந்திருப்பது யார்? முனிரத்தினமா?

வழி விடுங்கள். மைக்கை அவரிடம் கொடுங்கள்.