எனக்கு நாலு ஜாஸ்தி

இல்லீங்கக்கா, எனக்கு செக்கப் முடிஞ்சுதுங்க. நீங்க உக்காருங்க, நான் நவுந்துக்கறேன். வயிறுதான் பெருசு, பெஞ்சுல எடம் கெடக்குது. உள்ள வயித்துல பெல்ட் போட்டுப் படுக்க வெச்சிருக்கறது என்ற கொழுந்தனாரு சம்சாரம், ஜெனிஷான்னு பேரு. நானும் உள்ளதான் அவகூட நின்னுட்டிருந்தேன். இந்தா, கை நெறைய வளையல் கெடக்குதுங்களா, இது சலசலங்குது, பாப்பாவோட நெஞ்சுத் துடிப்பு செரியாக் கேக்க மாட்டீங்குது, வெளிய போயி உக்காருங்கன்னு நர்ஸம்மா அனுப்பிப்போட்டாங்க.

ஆமாங்க, நேத்துத்தான் போட்டது. கட்டுச்சோத்து விருந்து. நாங்க கிறிஸ்டியனுங்க, ஆனாலும் எங்களுக்கும் இதெல்லாம் உண்டுங்க. பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணுவாரு, அப்பறம் வளையல், பந்தி எல்லாம் உங்களாட்டத்தான். ஊடு மதுக்கரைங்க. எங்கம்மா ஊடு அன்னூரு. இன்னைக்கு டாக்டரம்மாவப் பாத்துப்போட்டு அப்படியே அம்மா ஊட்டுக்குப் போறதா இருந்துச்சு. நீங்க கிணத்துக்கடவுங்களா? மக உள்ள இருக்குதா? அப்ப சித்த நேரம் ஆகுமுங்க.

ரெண்டு பேரும் ஒண்ணாவான்னு கேக்கறீங்க. எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க. ஒரே ஊட்டுல ரெண்டு மருமக, ரெண்டும் மாசமா இருக்குது, எத்தன சந்தோசம்னு. சந்தோசந்தானுங்க. எனக்குக் கண்ணாலமாகி ஏழு வருசம் கழிச்சுத்தான் நின்னுது. நான் பாக்காத டாக்டரில்ல, இருக்காத உபவாசமில்ல. சர்ச்சுல யாரு கொழந்தைக்கு ஜெபம் பண்ணுனாலும் கடைசி பெஞ்சுல உக்காந்து ஆமென் சொல்லிப்போட்டு வருவேன். கடைசில ஒரு நா எங்க அத்தைகிட்டப் போயி சேதியச் சொன்னேன். கட்டிப்புடிச்சு அழுதாங்க. அதுக்கப்பறம் மூணே வாரம், அந்த ஊட்டுல நான்தான் எல்லாம். மூணாவது ஞாயித்துக்கெழம ஜெனிஷா சோத்துத் தட்ட வெச்சுப்போட்டு வாந்தியெடுக்க ஓடுனா. அவளுக்குக் கண்ணாலமாகி ஆறு மாசந்தான். அத்தை அவளையும் கட்டிப்புடிச்சு அழுதாங்க. அதே அழுகை. ஏழு வருசத்துக்கும் ஆறு மாசத்துக்கும் ஒரே அழுகையா? கொஞ்சம் கொறச்சு அழுதிருக்கலாமில்லீங்க?

சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன், எனக்கு அவ மேல பொறாமைங்க. அவ ஒண்ணும் பண்ணலை. சாராக்கா சாராக்கான்னு என்ற பின்னாலயே சுத்துவா. அவ நல்லவளா இருக்கறதே எனக்கு எரியும்.

அத்தை மிஷன் ஸ்கூல்ல கணக்கு டீச்சரா இருந்தவங்க. நம்பரக் கண்டா விடமாட்டாங்க. ஸ்கேன் ரிப்போர்ட்டுல பாப்பா நெஞ்சு நிமிசத்துக்கு எத்தன தடவ துடிக்குதுன்னு போட்டிருக்குமில்லீங்க, அத சர்ச் காலண்டர்ல எழுதி வெச்சுப்போடுவாங்க. எம் பேருக்கு சா, அவளுக்கு ஜெ. மொதோ தடவ எழுதுனப்ப எனக்கு நூத்தி அறுவத்தி ரெண்டு, அவளுக்கு நூத்தி எழுவத்தி நாலு. ஜெனிஷா புள்ள நல்ல சுறுசுறுப்பு, சாராவுது கொஞ்சம் மந்தம்னாங்க. பரீட்ச மார்க்காட்டமுங்க. அஞ்சாம் மாசம் எனக்கு நூத்தி நாப்பத்தெட்டு, அவளுக்கு நூத்தி அம்பத்தஞ்சு. எனக்கு எறங்கீட்டே போகுது. ஏழு வருசம் கழிச்சு வந்தும் என்ற புள்ள ரெண்டாவது ரேங்க்கான்னு ரூமுக்குள்ள போயி அழுதேன்.

கேட்டேனுங்க, டாக்டரம்மாகிட்டக் கேக்காம இருப்பனா? ஒம்பது பத்து வாரத்துல ரொம்ப வேகமாத் துடிக்குமாம், புள்ள வளர வளர எறங்குமாம். அப்பறம் நூத்திப்பத்துல இருந்து நூத்தறுவதுக்குள்ள எது இருந்தாலும் செரிதானாம். நீ அவளுக்கு மூணு வாரம் முன்னால போறே, அதனால உனக்குக் கொறச்சலாக் காட்டுது, அவ்வளவுதாம்மான்னாங்க. எனக்கு நல்லாப் புரிஞ்சுதுங்க. ஆனா ஊட்டுக்குப் போயிக் காலண்டரப் பாத்தா அவளுதுதான ஜாஸ்தியா இருக்குது.

இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க. எனக்கு ஆறாம் மாசம், பொறந்தநாளு. எங்கூட்டுக்காரரு பிராங்க் கேக் வாங்கிட்டு வந்தாரு. வெட்டறதுக்குக் கத்தியக் கையில எடுத்தேன், ஜெனிஷாவுக்குக் காலு சுளுக்கிக்கிச்சு. அத்தனை பேரும் கார்ல ஏறிப் போயிட்டாங்க. நானும் கேக்கும் மட்டுந்தான் ஊட்டுல. அன்னைக்கே மனசுல வெச்சுக்கிட்டேன், இனி என்ற நாளை இவகிட்ட உட்டுக் குடுக்கறதில்லீன்னு.

அதுதானுங்க நேத்து. பட்டுச் சேலை, தலை நெறைய பூவு. அன்னூர்ல இருந்து எங்கம்மா அண்டா அண்டாவாப் புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறுன்னு கொண்டாந்துட்டாங்க. ஒறம்பரை சொந்தபந்தம் அத்தனையும் என்னைய மட்டுந்தான் பாக்கறாங்க. அத்தையே மொதோ வளையல் போட்டு உட்டாங்க. எனக்கு ஏழு வருச வெசனமும் போயிருச்சுங்க.

காலைல நான் கெளம்பறப்ப ஜெனிஷாவும் வந்து கார்ல ஏறிக்கிட்டா. பாப்பா அசையற மாதிரியே தெரியல, நானும் காட்டிக்கறேன்னா. அவ ஊட்டுக்காரரு ஜெப்ரிதான் ஓட்டிட்டு வந்தாரு. இப்ப மருந்துக்குக் கீழ போயிருக்கறாரு.

ரெண்டு பேருக்கும் பெல்ட் போட்டாங்க. எனக்கு நூத்தி நாப்பத்தி ரெண்டு, அவளுக்கு நூத்தி முப்பத்தெட்டு. எனக்கு நாலு ஜாஸ்தி. மொதோ தடவைங்கக்கா! உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, உள்ளுக்குள்ள ஒரு நிமிசம் குளுகுளுன்னு இருந்துச்சு. அத்தைக்குப் போன் பண்ணி எழுதச் சொல்லலாமான்னுகூட நெனச்சேன். அப்பறந்தான் நர்ஸம்மா மொகத்தப் பாக்கறேன்.

நம்பர் செரியா இருந்தா மட்டும் பத்தாதாமுங்க. மெஷின்ல இருந்து காயிதம் வருதில்லீங்களா, அதுல கோடு ஏறி எறங்கோணுமாம். புள்ள அசையறப்ப துடிப்பு மேல போயிட்டு வரோணுமாம். என்றது நல்லா ஏறி எறங்குச்சு. அவளுது ஸ்கேல் வெச்சு இழுத்தாப்பல நேராப் போகுது. புள்ள தூங்குனாலும் இப்படி இருக்குமாம். அதுக்குத்தான் ஜூஸ் குடுத்து, எடது பக்கமாத் திருப்பிப் படுக்க வெச்சு, மறுபடியும் பாக்கறாங்க. பொறுத்துப் பாக்கலாமா, இல்ல உடனே ஆப்பரேசன் பண்ணிப் புள்ளைய எடுத்தரலாமான்னு டாக்டரம்மாதான் சொல்லோணும். எத்தன நேரமா அசையலைங்கறத வெச்சும் முடிவு பண்ணுவாங்களாம். அவளுக்கு எட்டாம் மாசந்தானுங்களே.

ஆமாங்க. நீங்க சொல்ற மாதிரித்தான் நர்ஸம்மாவும் சொன்னாங்க. காலைல இருந்துன்னா மூணு மணி நேரந்தான ஆகுது, பயப்படாதீங்கன்னு.

காலைல இருந்து இல்லீங்கக்கா.

நேத்து மத்தியானம் எனக்கு வளையல் போட்டுட்டிருக்கறாங்க. ஜெனிஷா பின்னால வந்து குனிஞ்சு காதுல சொன்னா. அக்கா, எந்திரிச்சதுல இருந்து பாப்பா ஒதைக்கவே இல்ல, பயமா இருக்குதுன்னு. நான் திரும்பிக்கூடப் பாக்கலை. இன்னும் ஒரு கைக்கு வளையல் போடலை. அதெல்லாம் தூங்கும், இன்னைக்கு யாருகிட்டயும் சொல்லித் தொலைச்சராதன்னு சொன்னேன். செரிங்கக்கான்னு போயிட்டா. போயி, அத்தனை பேருக்கும் நின்னு எலை போட்டுச் சோறு பரிமாறுனா.

உள்ள நர்ஸம்மா எப்பருந்து அசையலைன்னு கேட்டப்ப அவ என்னையப் பாத்தாளுங்க. பாத்துப்போட்டுத்தான் இன்னைக்குக் காலைல இருந்துங்கன்னா. அந்த நெலமையிலயும் என்னையக் காட்டிக் குடுக்கலை. நான் பக்கத்துல நின்னுட்டு வாயத் தொறக்கலை. வளையல் சத்தம் போடுது, வெளிய போங்கன்னப்ப அப்பாடான்னு இருந்துச்சுங்க. உங்ககிட்ட இத்தன பேச்சும் பேசுனது அந்த ஒண்ணச் சொல்ல முடியாமத்தான்.

வளையலு கழட்ட வர மாட்டீங்குது, கை வீங்கிக் கெடக்குது. தெரியுமுங்க, புள்ள பொறக்கற வரைக்கும் கழட்டக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். கெடக்கட்டும் உடுங்க, சத்தம் போட்டாப் போடட்டும். இந்தப் பைய மட்டும் பாத்துக்கங்கக்கா. நேத்துல இருந்துன்னு சொல்லிப்போட்டு வாரேன்.