முதல் ஜோடி செருப்பு

மணி மூணரை இருக்கும். ராத்திரின்னும் சொல்ல முடியாது, விடியக்காலைன்னும் சொல்ல முடியாது... அந்த நேரம். பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போற ரோடு. ரெண்டு பக்கமும் நீளமா காம்பவுண்டு சுவர். விளக்குக் கம்பம் வரிசையா நிக்குது, ஆனா ஒண்ணு விட்டு ஒண்ணுதான் எரியுது. ஒரு பொம்பளை தனியா நடந்து போறாங்க. கையில பிளாஸ்டிக் ஃபைல். செருப்புச் சத்தம் மட்டும்தான்... சப்... சப்... சப்.

யாருன்னு கேக்கறீங்களா? நம்ம செட்டுல சோடாபுட்டி இருக்கான்ல, அவனோட அண்ணி. இன்னிக்கு அவன் வரலைங்கற தைரியத்துலதான் சொல்றேன். அவன் இருந்தா பாதியிலயே எந்திரிச்சுப் போயிடுவான். ஏய், அந்த மெழுகுவர்த்தியை நோண்டாதே, அது பாட்டுக்கு எரியட்டும். யாராச்சும் வெளியே போகணும்னா இப்பவே போயிட்டு வந்துடுங்க. அப்புறம் துணைக்கு என்னைக் கூப்பிடாதீங்க, நான் வர மாட்டேன்.

அவன் அண்ணனுக்கு வெளிநாட்டுல கட்டட வேலை. சாரத்துல இருந்து விழுந்துட்டார். தலையில அடி. கண்ணைத் திறக்கறார், மூடறார்... பேச்சு இல்லை. சொந்தக்காரங்க யாராச்சும் பக்கத்துல உட்கார்ந்து பேச்சுக் குடுத்தா நினைவு திரும்பலாம்னு டாக்டர் சொன்னதா கம்பெனியில இருந்து போன். டிக்கெட் நாங்களே எடுத்துத் தர்றோம், சீக்கிரம் மட்டும் வாங்க, நாளாக நாளாக கஷ்டம்னாங்க. போகலாம்தான். ஆனா அண்ணிகிட்ட பாஸ்போர்ட்டே கிடையாது. தையல் கடையில காஜா எடுத்து பட்டன் கட்டறவங்களுக்கு பாஸ்போர்ட் எதுக்கு?

அந்த ஆபீஸ் இருக்கே... எதிர்ல நிக்கற மனுஷனை நம்பாத ஆபீஸ். போட்டோவுல காது தெரியலைன்னு ஒரு நாள் திருப்பி அனுப்பினாங்க. முடியை இழுத்துக் கட்டி, காது தெரியற மாதிரி எடுத்துட்டுப் போனா, சிரிக்கறீங்கன்னு ஒரு நாள். புருஷன் இருக்கற இருப்புல அவங்க எங்கே சிரிச்சாங்க? அவங்க வாயே அப்படி. அப்புறம், ஒரு சான்றிதழ்ல அப்பா பேர் முழுசா இருக்கு, இன்னொண்ணுல முதல் எழுத்துதான் இருக்கு, ரெண்டும் ஒரே ஆள்தான்னு உங்க அப்பாகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்கன்னு ஒரு நாள். அப்பா போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாச்சு, எங்கே போய் வாங்கறது? அலைஞ்சு திரிஞ்சு எல்லாத்தையும் சரி பண்ணிட்டுப் போனா டோக்கன் தீர்ந்துடுச்சு. ஒரு நாளைக்கு முப்பது பேருக்குத்தான். இவங்களுக்கு முன்னாடி நின்ன ஆளோட முடிஞ்சு போச்சு. மறுநாளும் அதே கூத்து. கம்பெனிக்காரர் போன் பண்ணி, எப்பம்மா வர்றீங்கன்னு கேக்கறார். அழுதுட்டு போனை வெச்சுட்டாங்க.

அதான் அன்னிக்கு மூணரைக்கெல்லாம் கிளம்பினது.

அந்த ஆபீஸ் வாசல்ல ஒரு பழக்கம் உண்டு. ராத்திரியே வர்றவங்க செருப்பைக் கழட்டி வரிசையில வெச்சுட்டு, சுவர் ஓரமா இழுத்துப் போர்த்திட்டுப் படுத்துடுவாங்க. செருப்பு நின்னா ஆள் நின்ன மாதிரி. யாரும் கை வைக்க மாட்டாங்க. அண்ணி போய்ப் பார்த்தா, செருப்பு வரிசை மூலை திரும்பி நிக்குது. இன்னிக்கும் கிடைக்காது.

அப்படியே வரிசையோட முன்னாடி வரைக்கும் நடந்து போனாங்க. கேட்டுக்கு நேரா முதல் ஜோடி. பழைய தோல் செருப்பு. வார் பிஞ்சு, கம்பி போட்டுக் கட்டியிருக்கு. மேல அப்பின தூசி... ஒரு காஞ்ச இலை ஒட்டிக் கிடக்கு. இதைப் போட்டு யாரும் நடந்தே ரொம்ப நாள் இருக்கும். அண்ணிக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. இது புரோக்கர் வேலைதான்! எவனோ பழஞ்செருப்பை இங்கேயே விட்டு வெச்சிருக்கான், காலையில வந்து இடத்தை நல்ல விலைக்கு விக்கறான்னு நினைச்சுட்டாங்க. சுத்தும் முத்தும் பார்த்தாங்க. எல்லாரும் தூங்கறாங்க. காலாலேயே ஒரு தள்ளு. செருப்பு பக்கத்துச் சாக்கடையில விழுந்துச்சு... பொளக்.

நல்ல மனுஷிதான், அதைச் சொல்லிடறேன். அடுத்தவங்க நூல்கண்டைக் கூட கேக்காம எடுக்க மாட்டாங்க. அன்னிக்கு அவங்களுக்குக் கண்ணு மண்ணு தெரியலை. தன் செருப்பை அங்கே கழட்டி வெச்சுட்டு, கேட்டைப் பார்த்து உட்கார்ந்துட்டாங்க.

கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்லை.

அப்புறம்... பின்னாடி யாரோ உட்கார்ற சத்தம். முட்டி ரெண்டும் சடக், சடக்னு. ஸ்ஸ்ஸ்னு ஒரு பெருமூச்சு. ஈரத்துணியை மடிச்சு வெச்ச மாதிரி ஒரு வாடை. கூடவே வலித் தைலம்.

அண்ணி திரும்பலை. திரும்பினா எங்கே எழுப்பி விட்டுடுவாங்களோன்னு பயம்.

"எப்பம்மா திறப்பாங்க?" வயசான குரல். ரொம்ப மெதுவா.

"ஒன்பதரைக்கு."

"என் பையன் வெளிநாட்டுல ஆஸ்பத்திரியில கிடக்கறான்ம்மா. தலையில அடி. எனக்குக் கொஞ்சம் அவசரம்..."

அண்ணிக்கு... தன் கதையையே வேற யாரோ சொல்ற மாதிரி இருந்துச்சாம். எந்திரிச்சு இடத்தைக் குடுத்துடலாமான்னு கூட ஒரு நிமிஷம் நினைச்சிருக்காங்க. ஆனா கட்டில்ல கிடக்கற அண்ணனோட முகம் கண்ணு முன்னாடி வந்துடுச்சு.

"எல்லாருக்கும் அவசரம்தான் ஐயா," ன்னாங்க. திரும்பாமலே.

அதுக்கப்புறம்... விடியற வரைக்கும் மூச்சு மட்டும்... பின்கழுத்துல. ஜில்லுனு.

வெளிச்சம் வந்ததும் திரும்பிப் பார்த்தாங்க. பெரியவர் யாரும் இல்லை. ரெண்டாவது இடத்துக்காரப் பொண்ணு அப்பதான் போர்வையை உதறிட்டு எந்திரிக்கறா. அண்ணியைப் பார்த்தா. அண்ணியோட செருப்பைப் பார்த்தா. சண்டை போடுவான்னு பார்த்தா... ரெண்டடி பின்னாடி தள்ளி நின்னுக்கிட்டா.

வாட்ச்மேன் டோக்கனோட வந்தார். முதல் டோக்கனைக் கிழிச்சு, குனிஞ்சார்... கீழே லேடீஸ் செருப்பு. குனிஞ்சவர் அப்படியே நின்னுட்டார். அப்புறம் நிமிர்ந்து டோக்கனை அண்ணி கையில குடுத்தார். கண்ணு மட்டும் தரையிலயே எதையோ தேடுச்சு. டோக்கன் கிடைச்ச சந்தோஷத்துல அண்ணி அதைப் பெரிசா எடுத்துக்கலை.

உள்ளே போனா, வெண்ணெயில கத்தி இறங்கற மாதிரி வேலை நடக்குது. அதே ஆபீசர்தான். இன்னிக்குக் காதும் சரி, வாயும் சரி, அப்பா பேரும் சரி. ஒரே ஒரு இடத்துலதான்... போட்டோ எடுக்கற கவுண்டர்ல இருந்த பொண்ணு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டே சொன்னா. "பின்னாடி நிக்கற பெரியவர் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. படத்துல விழறீங்க."

அண்ணி திரும்பினாங்க. வெள்ளைச் சுவர். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் வாட்ச்மேன் கூப்பிட்டார். அந்தச் செருப்பு எங்கேம்மான்னு கேட்டார். அண்ணி சாக்கடையைக் காட்டினாங்க. அவர் திட்டலை. திட்டியிருந்தா கூடப் பரவாயில்லை. அது ஒரு பெரியவரோடதுன்னு மட்டும் சொன்னார். பையனைப் பார்க்கப் போகணும்னு தினம் வருவாராம். பேர்ல தப்பு, விலாசத்துல தப்புன்னு தினம் திருப்பி அனுப்புவாங்களாம். ஒரு நாள் எல்லாருக்கும் முன்னாடி வந்து முதல் இடம் பிடிச்சுட்டார். அன்னிக்குக் கேட்டைத் திறந்தப்போ எந்திரிக்கலை. அசந்து தூங்கறார்னு நினைச்சு எல்லாரும் அவரைத் தாண்டித் தாண்டி உள்ளே போயிட்டாங்க... சாயந்திரம்தான் தெரிஞ்சுது. அந்தப் பையனும் அதே வாரத்துல போயிட்டானாம். அன்னியில இருந்து வாட்ச்மேன் முதல் டோக்கனை யாருக்கும் குடுக்கறதில்லை. அந்தச் செருப்புக்கு அடியில வெச்சுடுவாராம். வரிசைக்காரங்களுக்கும் தெரியும், ஒருத்தரும் எதுவும் கேக்க மாட்டாங்க.

அண்ணி ஒரு குச்சியை எடுத்துக்கிட்டுச் சாக்கடையைத் துழாவிப் பார்த்தாங்க. செருப்பு கிடைக்கலை.

பாஸ்போர்ட் மட்டும் வந்துடுச்சு. நம்பவே முடியாத வேகத்துல. அண்ணி விமானம் ஏறிப் போய் இறங்கினாங்க. அந்த ஊர் ஏர்போர்ட்டுல முத்திரை குத்தற வரிசையில இவங்கதான் கடைசி ஆள். ஆபீசர் பாஸ்போர்ட்டை வாங்கினார். இவங்க தோளுக்குப் பின்னாடி பார்த்து, கையை உயர்த்தி, கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்கற மாதிரி சைகை காட்டினார். இந்தத் தடவை அண்ணி திரும்பலை... தைரியம் வரலை. அந்த ஈர வாடை மட்டும் வந்துச்சு.

நேரா ஆஸ்பத்திரி. ஐசியூ வாசல். நல்லவேளை, நம்ம பாஷை பேசற நர்ஸ் ஒருத்தி. அவ முகமெல்லாம் சிரிப்பு. உங்க வீட்டுக்காரர் கண்ணு முழிச்சுட்டார், பேசறார்னா. அண்ணிக்குக் கால் தரையில பாவலை. உள்ளே ஓடப் பார்த்தாங்க. நர்ஸ் கையைப் பிடிச்சு நிறுத்திட்டா.

"ஒரு நேரத்துல ஒருத்தர்தான் போகலாம். உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் உள்ளே இருக்கார். அவர் வந்து உட்கார்ந்ததும்தான் உங்க வீட்டுக்காரருக்கு நினைவே வந்துச்சு. கொஞ்சம் பொறுங்க."

கூட வேலை பார்க்கறவங்க யாராச்சும் இருக்கும்னு அண்ணி பெஞ்சுல உட்கார்ந்தாங்க. கதவையே பார்த்துட்டு இருந்தாங்க. யாரும் வெளியே வரலை. ரொம்ப நேரம் கழிச்சு நர்ஸ் எட்டிப் பார்த்துட்டு, அவர் எப்போ போனார்னே தெரியலையே, நீங்க போங்கன்னா.

அண்ணி உள்ளே போனாங்க. கட்டில் பக்கத்துல ஒரு ஸ்டூல். அது மேல ஈரம். அறையெல்லாம் தைல வாடை.

அண்ணன் தலையில கட்டோட சாய்ஞ்சு உட்கார்ந்திருக்கார். கண்ணு தெளிவா இருக்கு. முகத்துல ஒரு நிம்மதி... சின்னப் பிள்ளை முகத்துல இருக்குமே, அந்த மாதிரி.

"எங்க அப்பா வந்திருந்தார். இப்பதான் எந்திரிச்சுப் போனார்," ன்னார்.

சோடாபுட்டி பிறக்கறதுக்கு முன்னாடியே செத்துப் போனவர் அவங்க அப்பா. அண்ணனுக்கு அப்போ ரெண்டு வயசு. அப்பா முகமே தெரியாது. அப்போ இந்த ஸ்டூல்ல உட்கார்ந்துட்டுப் போனது யாரோட அப்பா?

"பாவம், கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு. முன்னாடியே வந்திருப்பேன்டா, எனக்கு முன்னாடி ஒரு பொண்ணு நின்னுடுச்சு, அதுக்கும் ஏதோ அவசரம் போலன்னார்."

அண்ணி கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டாங்க. அண்ணனோட கையைத் தொடப் போனாங்க. அவர் கையை மெதுவா இழுத்துக்கிட்டார். கோபமெல்லாம் இல்லை, தெரியாத ஒரு பொம்பளை தொட வந்தா மரியாதையா இழுத்துக்குவாங்கல்ல, அப்படி. ஏற இறங்க ஒரு தடவை பார்த்தார். அப்புறம் கேட்டார்...

"நீங்க யாரும்மா?"