பதிமூணரை

— இன்னொரு டம்ளர் தண்ணி ஊத்து. எவ்வளவு குடிச்சாலும் நாக்கு காயுது. கேட்டதுக்குப் பதில் சொல்லு.

— என்ன கேட்டீங்க அண்ணி?

— மூணு மாசம் முன்னாடி உங்க லேப்ல நீதான் எனக்கு ரத்தம் எடுத்தே. கால்சியம் ஒன்பதரை, சரியாத்தான் இருக்குன்னு பேப்பர் குடுத்தே. இப்போ பதினஞ்சு. டாக்டர் அந்தப் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

— சத்தியமா அண்ணி, சிலருக்குத் திடீர்னு ஏறும்.

— மெஷின் பழைய நம்பரை அழிக்காதாமே. உங்க லேபுக்குப் போன் போட்டுக் கேட்கலாமான்னார்.

— பதிமூணரை வந்துச்சு. மூணு தடவை ஓட்டினேன், மூணு தடவையும் அதேதான். அன்னிக்கு உங்களுக்கு நரம்பே கிடைக்கலை, கையில ரப்பர் பட்டையை ரொம்ப நேரம் இறுக்கிட்டேன். அப்படி இறுக்கினா நம்பர் கூடுதலாக் காட்டும். திரும்பக் குத்தியிருக்கணும். இப்படித் திரும்பக் குத்தினதுக்கு லேப் மேடம்கிட்ட ஏற்கனவே ரெண்டு தடவை வாங்கிக் கட்டிக்கிட்டேன். அதான்...

— அதான் ஒன்பதரைன்னு அடிச்சுட்டே.

— பால் குடுக்கிறவங்களுக்கு எப்படி ஏறும்னு நினைச்சேன்.

— இடுப்பு வலின்னேன். வேலைக்கு வளையாத உடம்புன்னு உங்க அண்ணன்கிட்ட சொன்னே. மார்ல கட்டின்னேன். பால் கட்டிக்கிச்சு, நீவி விடுங்கன்னே. நீயே கால்சியம் மாத்திரையும் டப்பா டப்பாவா கொண்டுவந்தே. நானும் முழுங்கினேன்.

— டாக்டர் என்னதான் சொல்றார்?

— பாப்பாவுக்காக மார்லேர்ந்து ஹார்மோன்னு ஒரு சரக்கு கிளம்பி, எலும்பைக் கரைச்சுப் பால்ல சேர்க்குமாம். பால் நின்னா எலும்பு தேறிடும். இந்தக் கட்டியும் அதே சரக்கைத்தான் சுரக்குது. இதுக்கு வயிறு நிறையவே நிறையாது. மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா பார்த்திருக்கலாம்னார். இப்போ முதுகெலும்பு முழுக்கப் பரவிடுச்சு.

— அண்ணனுக்குத் தெரியுமா?

— வியாதி தெரியும். நீ அடிச்ச நம்பர் தெரியாது.

— உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன். சத்தியமா வேலை போயிடும். அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம்.

— காலை விடு, முறிஞ்சுடும். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். போன் வேண்டாம்னு டாக்டர்கிட்டயும் சொல்லிடறேன்.

— இந்த உதவியை உயிருள்ளவரை மறக்க மாட்டேன் அண்ணி.

— மறக்க மாட்டே. பாப்பாவை நானே வளர்க்கிறேன், எனக்குக் கல்யாணமே வேண்டாம்னு நீ என்கிட்ட அழுததா நேத்தே உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். மனுஷன் உன்னைத் தெய்வம்ங்கிறார். காலையிலேயே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்க் கல்யாணம் இல்லைன்னு சொல்லிட்டு வந்துட்டார். வெளியே பாப்பாவோட நிக்கிறார், போய் வாங்கிக்கோ. முடியாதுன்னா, ஏன்னும் அவர்கிட்ட நீயே சொல்லிடு.