ஏழு எழுத்துப் பட்டம்

தண்ணியெல்லாம் வேணாம் மிஸ். மொதல்ல இந்த மேஜைல இருக்கற நோட்டையெல்லாம் கொஞ்சம் தள்ளுங்க, இத விரிச்சுக் காட்டணும். ம். நல்லாப் பாருங்க. நான் தைச்ச பட்டைதான். கடைசி வருஷப் புள்ளைங்கள வழியனுப்ப உங்க ஸ்கூல்ல வைக்கிற உற்சாக வாரத்துக்கு அஞ்சு வருஷமா நான்தானே தைக்கிறேன், தோள்லருந்து இடுப்புக்குக் குறுக்கப் போடற பட்டை, இந்த வருஷம் நூத்திப் பத்து. நீல சாட்டின் துணி, மேல மஞ்சத் துணில வெட்டித் தைச்ச எழுத்து. படிங்க மிஸ். சத்தமாப் படிங்க. அன்னிக்கு மைக்கப் புடிச்சுக்கிட்டு அவ்ளோ சத்தமாப் படிச்சீங்கல்ல? இப்ப என்ன, தொண்டை கட்டிக்கிச்சா?

ஊமைக்கோட்டான். அதான் எழுதியிருக்கு. எம் பொண்ணுக்கு நீங்க குடுத்து அனுப்புன பட்டம்.

தமாஷா? எல்லாருக்கும்தான் ஜூனியர் புள்ளைங்க பட்டம் குடுத்தாங்களா? ஆமா குடுத்தாங்க, எனக்குத் தெரியாதா, அத்தனையும் தைச்சவ நான். கேன்டீன் ராஜான்னு ஒருத்தனுக்கு, லேட்டுத் தலைவர்னு ஒருத்தனுக்கு, நாளைக்குத் தர்றேன்னு ஒருத்திக்கு. அவங்கல்லாம் பட்டைய மாட்டிக்கிட்டு மேடைல ஆடுனாங்க மிஸ். கூட்டாளிங்க கீழருந்து விசிலடிச்சாங்க. எம் பொண்ணு ஏறுனப்ப யாரு விசிலடிச்சா? சிரிப்பு மட்டும்தான் வந்துச்சு.

நான் மேடைக்குப் பக்கத்துலதான் நின்னேன், ஊக்கு டப்பாவும் ஊசி நூலும் வச்சுக்கிட்டு. எவனுக்காவது பட்டை கழண்டா குத்தி விடணும்ல. நீங்க பட்டத்தப் படிச்சதும் மொத்த ஹாலும் சிரிச்சுச்சு. யாருடா அதுன்னு எட்டிப் பார்த்தா, படியேறி வர்றது எம் பொண்ணு. தலையக் குனிஞ்சு வாங்கிக்கிட்டா. போட்டோ எடுக்கறவன், கொஞ்சம் சிரிம்மாங்கறான். சிரிச்சா. எனக்குக் கைல ஊசி குத்துனது கூடத் தெரியல, ரத்தம் வந்து டப்பால சொட்டுனப்புறம்தான் பார்த்தேன்.

யாருக்கு எந்தப் பட்டம்னு எனக்கு எப்படி மிஸ் தெரியும்? ரகசியம்ங்கறதுதானே உங்க வழக்கம்? மேடைல கூப்பிடற வரைக்கும் யாருக்கு எதுன்னு மூச்சு விடக் கூடாது. என்கிட்ட வந்த லிஸ்ட்ல ஒண்ணுலருந்து நூத்திப் பத்து வரைக்கும் வெறும் நம்பரு, பக்கத்துல பட்டம். அதுவும் ரோல் நம்பர் இல்ல, அந்தப் புள்ளைங்களாப் போட்டுக்கிட்ட வரிசை.

தப்பா இருந்தா நான் சொல்லியிருக்கலாமா? நல்லாருக்கே! நான் தையக்காரி மிஸ். குடுத்ததத் தைக்கிறவ. சரி தப்பு பாக்கறதுக்குத்தான நீங்க இருக்கீங்க? லிஸ்ட்டுக்குக் கீழ உங்க கையெழுத்து இருந்துச்சு, பச்சை மையில, வால் வேற நீட்டி விட்டிருந்தீங்க.

ஊமையாம் ஊமை. என் வீட்டுக்கு வந்து பாத்திருக்கீங்களா? காலைல பல்லு தேய்க்கறப்பவே ஆரம்பிச்சிடுவா, நுரையோட பேசுவா. மெஷின் சத்தத்துல கேக்கலடின்னா மெஷினுக்கு மேல கத்துவா. உன் வாய்க்கு ஒரு பட்டன் தைச்சு விடறேன் இருன்னு நான் சொல்லாத நாளே கெடையாது. உங்களையே நடிச்சுக் காட்டுவா மிஸ். கண்ணாடியத் தூக்கி நெத்தில வச்சுக்கிட்டு, என் கண்ணாடிய யாரு எடுத்தான்னு கிளாஸையே எழுப்பி விட்டுத் தேடுவீங்களாமே, அத அப்படியே பண்ணுவா. நான் வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிப்பேன். கோவிச்சுக்காதீங்க, இப்பவும் நெத்திலதான் இருக்கு.

எவளுக்கு எவளோட சண்டை, யாரு யாரோட டிபன் பாக்ஸத் திருடித் தின்னா, எல்லாத்தையும் வந்து கொட்டுவா. நான் என்ன நெனச்சேன்? இவதான் அங்க நடுவுல உக்காந்துக்கிட்டு அத்தனை பேருக்கும் நியாயம் தீர்க்கறான்னு நெனச்சேன். கடைசி பெஞ்சுல தனியா உக்காந்து, வேடிக்கை பார்த்துட்டு வந்து சொல்லியிருக்கா. மூணு வருஷமா. எனக்கு இது மேடைல சிரிச்சாங்களே, அந்த நிமிஷம்தான் மிஸ் தெரியும்.

உங்களுக்குத் தெரியும்ல? தெனமும் அட்டெண்டன்ஸ் எடுத்தீங்கல்ல? ஒரு புள்ள மூணு வருஷமா உள்ளேன் மிஸ்ங்கறதத் தவிர வேற வாயே திறக்கலன்னா, ஒரு நாள், ஒரே ஒரு நாள் எனக்குப் போன் பண்ணக் கூடாதா? ஃபீஸ் கட்ட ரெண்டு நாள் தள்ளிப் போனா மட்டும் போன் வருது!

ரிப்போர்ட்ல எழுதுனீங்களா? ஆமா, எழுதுனீங்க. அமைதியான மாணவி, நல்ல ஒழுக்கம். அதுக்குப் பேரு சொல்றதா? எம் பொண்ணையா அமைதிங்கறாங்க, எல்லாருக்கும் இதையே அச்சடிச்சு வச்சிருக்காங்க போலன்னு சிரிச்சுக்கிட்டே நானும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். போட்டேன், இல்லங்கல. என் கைய ஒடைக்கணும்.

சரி, அத விடுங்க. சட்டைல கையெழுத்துப் போட்டுக்கிட்டாங்களே ஒரு நாள், அன்னிக்காவது யாராவது கண்ணத் திறந்து பாத்தீங்களா? ஒவ்வொரு புள்ள சட்டையும் மையா அப்பி, முதுகு எது முன்னாடி எதுன்னு தெரியல. எம் பொண்ணு சட்டைல மூணு கையெழுத்து. ஒண்ணு வாட்ச்மேனோடது. இன்னொண்ணு லைப்ரரிக்காரம்மா. மூணாவது அவளே எடது கையால போட்டுக்கிட்டது, கோணல் மாணலா. ஏன்டி இவ்ளோதானான்னு கேட்டேன். நான்தாம்மா அழுக்காயிடும்னு யாரையும் விடலன்னா. நானும் நம்பி, சமத்துன்னு கன்னத்தத் தட்டிட்டுப் போயிட்டேன்.

நாலு நாளாச்சு மிஸ். வீட்ல பேச்சில்ல. கேட்டா ம், இல்லன்னா ம்ஹூம். சோறு போட்டா தின்றா, தட்டக் கழுவி வைக்கிறா, செவுத்தப் பார்த்துப் படுத்துக்கறா. மெஷின நிறுத்துனா வீடு அப்படியே கெடக்குது. அதனால தைக்கறதுக்கு ஒண்ணுமில்லன்னாலும் சும்மா மிதிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. ஆண்டு மலர்ல ஒவ்வொரு போட்டோவுக்குக் கீழயும் பட்டத்தப் போடுவீங்கல்ல, எம் பொண்ணு போட்டோவுக்குக் கீழ அது வரக் கூடாது. அச்சுக்குப் போயிடுச்சா? போனா போகட்டும், திருப்பி வாங்குங்க. இல்ல, அச்சாபீஸ் நம்பரக் குடுங்க, நான் போய் அந்தப் பக்கத்தக் கிழிச்சுட்டு வர்றேன். அத்தனை புஸ்தகத்துலயும் கிழிப்பேன், என்கிட்ட நல்ல கத்தரிக்கோல் இருக்கு.

என்ன தேடறீங்க? லிஸ்டா? வச்சிருக்கீங்களா நீங்க?

ம். ஆமா, அறுபத்தி மூணு. அதான்.

தெரியும் மிஸ். அதுல அப்படித்தான் எழுதியிருந்துச்சு. மூணு வருஷமா சத்தமே போடாத எங்க செல்ல அக்கா. நீங்க கையெழுத்துப் போட்டதும் அதுக்குத்தான். நான் இல்லன்னு சொல்லலையே.

யாரு மாத்துனான்னா? இல்ல... கூப்பிடாதீங்க. லிஸ்ட் கொண்டு வந்து குடுத்த அந்தக் கண்ணாடி போட்ட ஜூனியர் பொண்ணக் கூப்பிடாதீங்க மிஸ். போன கீழ வைங்க. எம் பொண்ணு முன்னாடி நிக்க வச்சு மன்னிப்புக் கேக்க வைக்கிறேன்ங்கறீங்க, அது எதுக்குக் கேக்கணும்? சின்னப் புள்ள அது. வைங்க மிஸ், சொல்றேன்.

பட்டைல பன்னெண்டு எழுத்துக்கு மேல நிக்காது. அதனால நான்தான் அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணேன். ஏம்மா, இந்த அறுபத்தி மூணு ரெண்டு பட்டைக்கு வருதே, சுருக்குன்னேன். எங்களுக்குத் தெரியல ஆண்ட்டி, நீங்களே ஏதாவது சொல்லுங்கன்னா. கை வேலையா இருந்துச்சு, என் வாய் சும்மா இருக்குமா? இதுக்குப் போயி எதுக்கு இவ்ளோ யோசனை, ஊமைக்கோட்டான்னு போட்டா முடிஞ்சுது, ஏழே எழுத்துன்னேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. போன ஸ்பீக்கர்ல போட்டு, இன்னொரு தடவ சொல்லுங்க ஆண்ட்டின்னாங்க. சொன்னேன். கை தட்டுனாங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சு மிஸ். நான் யாரோட அம்மான்னு அதுங்களுக்குத் தெரியாது. எம் பொண்ணு யார்கிட்டயாவது பேசியிருந்தாத்தானே தெரியறதுக்கு.

எம் பொண்ணுக்குத் தெரிஞ்சிடும்னு பயந்து சொல்றேன்னு நெனைக்கறீங்களா? அவளுக்குத் தெரியும். போன் பண்ண அன்னிக்கு சாயங்காலமே நான்தான் சொன்னேன். எழுத்துக்கு வைக்கிற புள்ளிய வட்ட வட்டமா வெட்டிப் போட்டுக்கிட்டிருந்தேன், அவ ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்துக்கிட்டிருந்தா. இந்தக் கூத்தக் கேளுடி, உங்க ஸ்கூல்ல மூணு வருஷமா வாயே திறக்காம ஒருத்தி இருக்காளாமே, அவளுக்கு நான் வச்ச பேரு எப்படின்னு கேட்டேன். சிரிச்சா மிஸ். நல்லாருக்கும்மான்னா. அப்புறம் அந்தப் புள்ளிய நீட்டிக்கிட்டே, அந்தப் பொண்ணுக்குக் கஷ்டமா இருக்காதாம்மான்னு கேட்டா.

எவ பெத்த புள்ளையோ, நமக்கென்னடின்னு சொன்னேன்.